குதிகால் நோவும் குழந்தைகளும்

பத்து வயதுப் பையன் மாலையில் சடுகுடு ஆடிவிட்டு நொண்டிக்கொண்டு வீடு திரும்புகிறான். வீக்கமில்லை, காயமில்லை. முள் தைத்திருக்குமோவென்று தாயார் விளக்கடியில் தேடுகிறாள், ஒன்றும் அகப்படுவதில்லை. பாட்டி, வாதம் என்கிறாள். தகப்பனாரோ, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சாக்கு என்கிறார். பொய்யன் என்று பெயர் வாங்குவது அந்த நோவைவிட அவனை அதிகமாக வாட்டும்.

இரண்டு அபிப்பிராயமும் பிசகு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் ஸீவர் 1912-ல் இந்நோவை விவரித்து எழுதினார்; அவர் பெயராலேயே ‘ஸீவர் வியாதி’ என்று வழங்குகிறது. வியாதி என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டாம். குதி எலும்பின் பின்புறத்தில் இன்னும் முற்றாத குருத்துப் பகுதி ஒன்று உண்டு. கெண்டைக்கால் சதையிலிருந்து இறங்கும் தடித்த நாண் அவ்விடத்தில்தான் பற்றியிருக்கிறது. 8 முதல் 15 வயதுக்குள் குழந்தை மளமளவென்று உயரும்போது எலும்பு நீளும் வேகத்துக்குச் சதை ஈடுகொடுப்பதில்லை. நாண் இறுகிக் குருத்தை இழுக்கிறது. நம் திண்டுக்கல் சமவெளியில் கோடையில் கல்லாய் இறுகிக் கிடக்கும் செம்மண் தரையில் வெறுங்காலுடன் ஓடிக் குதித்தால் கீழிருந்தும் மோதல். பலருக்கு இரண்டு குதிகளுமே நோகும்.

குதியின் இரு பக்கங்களையும் விரல்களால் அழுத்திப் பாருங்கள். சுரீரென்றால் பெரும்பாலும் இதுவே. இதற்கு எக்ஸ்-ரே அநேகமாக அவசியப்படாது.

நம்மூர்ப் பக்கம் செங்கல்லைச் சுடவைத்து, எருக்க இலையைப் பரப்பி, அதன்மேல் குதியை வைக்கச் சொல்வார்கள். குழந்தையின் கால் வெந்துபோகும், எருக்கம்பாலும் பொல்லாதது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வைப்பதே மேல். ஓட்டத்தையும் குதிப்பையும் சில வாரம் குறைக்கட்டும். நீந்தலாம், நோகாவிட்டால் சைக்கிள் விடலாம். தட்டையான ரப்பர் செருப்பு உதவாது. குதிப் பக்கம் சற்று உயர்ந்து மெத்தென்றிருக்கும் பூட்ஸ் வேண்டும்.

கடும் நோவு தணிந்தபின் தினமும் ஒரு பயிற்சி. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, குதி தரையில் பதிய, முழங்கால் மடங்காமல் முன்னே சாய்ந்து அரை நிமிஷம் நிற்க வேண்டும். காலுக்கு மூன்று தடவை போதும். குருத்து எலும்போடு கூடி முற்றியதும் நோவு தானே நீங்கிவிடும். ஊனம் ஏதும் நிற்பதில்லை. அதுவரை இடையிடையே தலைகாட்டலாம். பள்ளிக்கூட விளையாட்டுப் பந்தயம் நெருங்கும்போது பிள்ளைகள் இதை மறைப்பதுண்டு. தேகப்பயிற்சி ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதியனுப்புவது நலம்.

ஜுரம், சிவந்த வீக்கம், தூக்கத்தைக் கலைக்கும் நோவு, அடிபட்டபின் காலை ஊன்றவே முடியாமை — இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும்.