கட்டுரையும் பாட்டும்

குருமட மாணவர் இறையியல் கட்டுரை எழுதுமுன் தெளிவான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓரிக்கைத் தறிகளில் பாவு சீராக இருந்தால்தான் ஊடை ஓடும் என்பதை நாம் அறிவோம். கேள்வியே பாவு, மறைநூற் சான்றும் அறிஞர் கருத்தும் ஊடை.

கற்றது மக்களைச் சேரப் பாட்டும் நாடகமும் வேண்டும். 1726-இல் வீரமாமுனிவர் சூசையப்பர் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் தமிழ்க் காப்பியமாக்கினார். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி, 2005-இல் மறைந்த பேராசிரியர் தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுகளில் இறையியலைப் பாடினார். பாமர மக்கள் தம் வாழ்வுக்கேற்ப அப்பாடல்களை மாற்றிப் பாடுவதையும் வரவேற்றார்.

ஆகவே மாணவியரே, மறைக்கல்விக் கட்டுரையை எழுதி முடித்ததும் வீட்டில் பாட்டிக்குச் சொல்லிக் காட்டுவோம். அவருக்கு விளங்காவிடில், நாம் இன்னும் கற்க வேண்டும் என்பதே பொருள்.