கம்பஸ் கிடைத்தாயிற்று, செலவுக்கு என்ன வழி?

உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி கைகொடுத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும், வீட்டில் அடுத்து எழும் கேள்வி செலவைப் பற்றியது. அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இலவசக் கல்வியின் பலன் அது. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு, மடிக்கணினி எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு.

நம் ஊரான பேலியகொடைக்குப் பல்கலைக்கழகம் தூரத்து உறவல்ல. 1875இல் இங்கே தொடங்கிய வித்தியாலங்காரப் பிரிவெனாவிலிருந்துதான் களனிப் பல்கலைக்கழகம் வளர்ந்தது. எனினும் தமிழ் மொழிமூலம் கலைப்பிரிவில் படித்த பிள்ளைக்கு யாழ்ப்பாணமோ வந்தாறுமூலையோ கிடைக்கலாம். அப்போது போர்டிங் செலவும் சேர்ந்துகொள்ளும். மீன் சந்தையிலோ புறக்கோட்டையிலோ நாட்கூலிக்குப் போகிறவருக்கு அது பெரிய சுமை. அந்தச் சுமையைக் குறைக்க இருக்கும் அரச உதவிகள் இவை.

மகாபொல

வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி நடத்திய மகாபொல கண்காட்சிகளின் வருமானத்தைக் கொண்டு உருவான நிதியம் இது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. பரீட்சைப் பெறுபேறு, குடும்ப வருமானம் இரண்டையும் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த தொகையை 7,500 ஆக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 250 ரூபா. முழுச் செலவுக்கும் இது போதாது. ஆனாலும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டை எதிர்பார்த்து நிற்கும் நிலையைக் குறைக்கும். இது கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை.

மாணவர் உதவுதொகை

பிள்ளைகள் 'பர்சரி' என்பது இதைத்தான். மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்குப் பல்கலைக்கழகம் வழியாக வருவது. இதே வரவு செலவுத் திட்டம் இதை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆக்கியது. மகாபொல, பர்சரி இரண்டில் ஒன்றுதான் ஒருவருக்குக் கிடைக்கும். மகாபொல பட்டியலில் பெயர் வரவில்லை என்று மனம் விட்டுவிடாமல், பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் உடனே பர்சரி பற்றிக் கேளுங்கள்.

வட்டியில்லாக் கடன்

உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கானது. அங்கீகாரம் பெற்ற தனியார் பட்டப்படிப்புக்கு வங்கி கடன் தரும். வட்டியை அரசு செலுத்தும். 2017இல் தொடங்கிய திட்டம். வட்டி இல்லையென்றாலும் முதல் கட்டியே ஆகவேண்டும். 15 இலட்சம் கடனைப் பத்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 12,500 ரூபா. அந்தப் படிப்பு எந்த வேலைக்கு வழிவிடும் என்று விசாரித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிணை நிற்க ஆள் தேடுவதையும் முன்கூட்டியே தொடங்குங்கள். நிரந்தரச் சம்பளக்காரர் இல்லாத குடும்பத்துக்கு வட்டியைவிடப் பெரிய தடை அதுதான்.

படித்துக்கொண்டே வேலை

அமெரிக்காவில் 1964 முதல், தேவையுள்ள மாணவருக்குக் கல்லூரிக்குள்ளேயே பகுதிநேர வேலை கொடுத்து, சம்பளத்தில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கிறது. இலங்கையில் அப்படி நாடு தழுவிய ஏற்பாடு இல்லை. நம் பிள்ளைகள் பின்னேரங்களில் ரியூஷன் கொடுத்தோ, கடைகளில் நின்றோ சமாளிக்கிறார்கள். நூலகம், ஆய்வுகூடம், கணினிக்கூடம் எல்லாம் இருக்கும் நம் பல்கலைக்கழகங்களில் இத்தகைய திட்டத்தைத் தொடங்க முடியாத காரணம் எதுவும் இல்லை.

பத்திரங்களை இப்போதே எடுங்கள்

மாதச் சம்பளக்காரரிடம் சம்பளப் பட்டியல் இருக்கும். நாட்கூலிக்காரரிடம் எழுத்தில் ஒன்றும் இராது. வருமானத்தை உறுதிப்படுத்த கிராம உத்தியோகத்தரிடமும், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும் போகவேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை கொழும்பு கொட்டாஞ்சேனையில் படித்திருந்தாலும், பேலியகொடை கம்பஹா மாவட்டத்தைச் சேர்ந்தது. வசிப்பிடம் பேலியகொடை என்றால் களனிப் பிரதேச செயலகத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே உங்கள் அலுவலைத் தமிழில் நடத்துவதற்கு அரசியலமைப்பே உரிமை தருகிறது. தயங்காமல் கேளுங்கள்.

பரீட்சை முடிவு வரும்வரை காத்திராமல், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், முகவரி மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறவுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அறிவித்தலில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். தொகையைக் கூட்டியது நல்ல காரியம். நாட்கூலிக் குடும்பம் வேலையை விட்டு அலையாதபடி, வருமானச் சான்றிதழை வார இறுதியிலும் வழங்க வேண்டும். உதவி அதிகம் தேவைப்படும் வீட்டுக்கு அதைப் பெறும் வழி மிகக் கடினமாக இருப்பது நியாயமில்லை.