பசு என்னும் சொல்

சித்தாந்த நூல்களைப் புதிதாகப் பயிலப் புகுவார்க்கு முதற்கண் மயக்கம் தருவது பசு என்னும் சொல்லேயாம். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் நடுநின்ற இஃது உயிரை உணர்த்தும். உலகவழக்கிலோ இது கறவை ஆவின் பெயர். பசுமை என்னும் பண்பினை உணர்த்தியும் இவ்வடிவம் வரும். இவை ஒரு சொல்லின் பொருள்களோ, வேறு சொற்களோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

பசுமை குறித்த பசு தமிழ்ச்சொல். பச்சை, பாசி, பைங்கூழ் என்பன அதன் கிளைகள். தெலுங்கிலும் மலையாளத்திலும் ‘பச்ச’ எனவும், கன்னடத்தில் ‘ஹசிரு’ எனவும் அதன் இனச்சொற்கள் வழங்குகின்றன.

மற்றையது வடசொல். தமிழர் அவ்விலங்கினைப் பண்டு ஆ, ஆன், பெற்றம் என வழங்கினர். ஆநிரை, ஆனைந்து என்பன காண்க. வடமொழியிற் பசு ஆவுக்கே உரியதன்று. வேத நூலார் மக்கள், குதிரை, ஆ, செம்மறி, வெள்ளாடு என்னும் 5 இனங்களைப் பசுக்களென எண்ணுவர். மக்களும் அவ்வெண்ணில் அடங்குதல் நோக்கத்தக்கது.

இச்சொற்கு இலத்தீனில் உறவுண்டு. ஆண்டுப் ‘பெக்குஸ்’ என்பது கால்நடை. அதன்வழி வந்த ‘பெக்கூனியா’ என்பது பணம். தமிழில் மாடு என்பது செல்வத்தையும் உணர்த்துதல் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. வடமொழியும் இலத்தீனும் ஓரினம் என 1786-இல் வில்லியம் ஜோன்ஸ் உரைத்தார். தமிழ் முதலியன வேறினம் என 1856-இல் கால்டுவெல் விரித்துக் காட்டினார். ஆகவே, அருகிருந்த தமிழ்ப் பசுவோடு வடமொழிப் பசுவிற்கு உறவில்லை. கடல்கடந்த சொல்லோடு உண்டு. ஒலியொப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்க.

அற்றேல், வடிவொத்த இவற்றைப் பகுத்துணருமாறு யாங்ஙனம் எனின், புணர்ச்சி ஓரளவு துணைசெய்யும். வல்லெழுத்து வருவழிப் பசுமை மெல்லெழுத்துப் பெற்றுப் பசுங்கிளி, பசும்பொன் என வரும். உயிர் குறித்த பசு அது பெறாது பசுகரணம் என நிற்கும். ஆயினும் பசும்பால் என்பது வழக்கில் ஆவின்பாலையே குறித்தலின், இவ்விதி எங்கணும் செல்லாது.

பசுஞானம் என்புழியோ விதி சிறிதும் உதவாது. இருவழியும் வடிவு ஒன்றே. அதனைப் பசிய அறிவு எனக் கொள்வார், அதுவே முடிந்த பயனென மயங்கி ஆண்டே நின்றுவிடுவர். அஃது உயிர் தன்னையே பொருளென அறியும் அறிவு. அதனால் இறைவன் அறியப்படான், பதிஞானத்தானே அறியப்படுவன் என்பது சித்தாந்தத் துணிபு. சொல்லிற் பிழைத்தார் ஈண்டுப் பொருளிலும் பிழைப்பர்.

பாசத்தாற் கட்டுண்டமையின் உயிர் பசு எனப்பட்டது. கட்டுத்தறியில் நிற்கும் ஆவினை நாளுங் காணும் நம் கொங்குநாட்டார்க்கு இவ்வுவமை எளிதின் விளங்கும்: கயிறு வேறு, ஆ வேறு, அவிழ்ப்பவன் பிறனொருவன்.