உஷார்! ஸ்ப்ரேயரின் அடியில் என்ன கிடக்கிறது?

மே மாத லோங் வீக்கெண்ட். ஸ்காபரோவில் மச்சான் வீட்டு டெக்குக்கு மருந்தடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு கை கொடுக்கலாமே என்று போனேன். பின்வளவுப் படலையைத் திறந்ததுமே நீச்சல் குளத்து வாடை, ஆனால் அதைவிடப் பல மடங்கு காரம். மச்சான் புல்லில் குந்தியிருந்து இருமிக்கொண்டிருந்தான். மிளகாய் அரைத்த கையால் கசக்கியதுபோலக் கண் இரண்டும் சிவந்திருந்தன. டெக் படியில், மூடி கழற்றியபடி, பூக்கன்றுகளுக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயர்.

"என்னத்தையடா கலந்தனீ?"

"ஒண்டும் கலக்கேல்லை. காலமை அடிச்ச பிளீச் அடியிலை கொஞ்சம் கிடந்தது. அதுக்கு மேலை பிரைட்னரை விட்டன், அவ்வளவுதான்."

ஒன்றும் கலக்கவில்லையாம்!

பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். பிரைட்னர் என்ற பெயரில் விற்பது அமிலம், பெரும்பாலும் ஒக்சாலிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்ட அதே வாயு. அதைச் சுவாசித்துத் திணறியவர்களில் கனடியப் படையினரும் உண்டு. காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாது, தாழ்ந்து படியும். டெக்குக்குக் கீழே பேஸ்மெண்ட் ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே இறங்கும். புல்லில் விளையாடும் பிள்ளையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மச்சான் தப்பியது திறந்த வெளியாலும், அடியில் கிடந்தது கொஞ்சம் என்பதாலும்தான். மூடியைத் திருகிப் பம்ப் அடித்திருந்தாலோ, கராஜுக்குள் நின்று ஊற்றியிருந்தாலோ, நான் போகும்போது வாசலில் அம்புலன்ஸ் நின்றிருக்கும்.

அவன் முட்டாள் இல்லை. இந்தப் பொறியில் விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய எண்ணெய்ப் பூச்சைக் கழற்ற முதல் நாள் ஸ்ட்ரிப்பர் அடித்திருக்கிறான். அது கோஸ்டிக் சோடா, கடும் காரம். சீடர் மரத்தில் டானின் அதிகம். காரம் பட்டதும் மரம் கறுத்து, பால் விடாத கோப்பி நிறத்துக்குப் போய்விடும். இது எல்லோருக்கும் நடப்பதுதான், மரத்துக்குக் கேடு வந்துவிட்டதென்று அர்த்தமில்லை. நன்றாகக் கழுவிவிட்டு அமிலப் பிரைட்னரை அடித்தால், பத்து இருபது நிமிடத்தில் பழைய தேன் நிறம் திரும்பும். அது தெரியாதவர்கள் பதறிப்போய், "வெள்ளை உடுப்பையே வெளுக்கிற சாமான், மரத்தை வெளுக்காதா?" என்று லாண்டரி பிளீச்சைத் தூக்குகிறார்கள். மச்சானும் அதைத்தான் செய்தான்.

பிளீச் கறுப்புப் பூஞ்சணத்தைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் பலமாக அடித்தாலோ ஊறவிட்டாலோ, மரநார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினை அரித்து, மேற்பரப்பைப் பஞ்சு பறக்க வைத்து, ஆணிகளையும் கறள் பிடிக்க வைக்கும். வெயிலில் நரைத்த மரத்துக்கு அது வைத்தியமே இல்லை. அழுக்குக்கும் பூஞ்சணத்துக்கும் நான் கை நீட்டுவது சோடியம் பெர்கார்பனேட் தூளுக்கு. வெந்நீரில் கரைத்தால் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் சலவைச் சோடாவுமாகப் பிரியும். பாசியும் தூசும் நுரையோடு கிளம்பிவரும். ஒன்று மட்டும்: கரைத்த மிச்சத்தைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள். ஒக்சிசன் வெளியேறிக்கொண்டே இருக்கும், போத்தல் வெடிக்கும்.

கடையில் பெயரைப் பார்த்து வாங்குவதுதான் அடுத்த ஆபத்து. "டெக் கிளீனர்" என்று ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மூன்று போத்தல்களில் ஒன்றில் பெர்கார்பனேட், ஒன்றில் பிளீச்சும் கோஸ்டிக்கும் சேர்ந்து, மற்றதில் அமிலம் இருக்கலாம். முன்பக்கத்தில் மூன்றிலும் ஒரே பளபளக்கும் டெக் படம். போத்தலைத் திருப்புங்கள். சின்ன எழுத்தில் ஹைப்போகுளோரைட் என்றிருந்தால், அதை அடிக்கும் நாளில் எந்த அமிலமும் பக்கத்தில் வரக்கூடாது. வினாகிரியும் அமிலம்தான், வாட்ஸ்அப் வைத்தியர்கள் கவனிக்க! கண்ணாடி துடைக்கும் அமோனியாவும் பிளீச்சோடு சேரவே கூடாது, அது இன்னொரு நச்சு வாயு.

எண்கோணச் சட்டத்துக்குள் எலும்புக் கை ஒன்று அரிபடுகிற படம் இருந்தால், அது தோலையும் கண்ணையும் தின்னும் சாமான் என்று கனடாவில் பொருள். கோஸ்டிக் ஸ்ட்ரிப்பர் தோலில் பட்டதும் சவர்க்காரம்போல வழுக்கும். அந்த வழுக்கல் உங்கள் தோலின் கொழுப்பே சவர்க்காரமாவது. வலி பிறகுதான் வரும். முழங்கைவரை ரப்பர் கையுறை, பக்கமும் மூடிய கண்ணாடி, மூடிய சப்பாத்து. ஊரில் பழகிய பழக்கத்தில் பாட்டா செருப்போடு இறங்காதீர்கள். அலுமினிய வாளி வேண்டவே வேண்டாம், கோஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜனைக் கக்கும். தூளாக வந்தால் தண்ணீருக்குள் தூளைப் போடுங்கள். தூளுக்கு மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

ஒக்சாலிக் அமிலம் கீரையிலும் உண்டுதானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கீரையில் இருப்பது கொஞ்சம். தூளாக உடம்புக்குள் போனால் கால்சியத்தைப் பிடித்துப் பளிங்காகிச் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். கலக்கும்போது மூக்கை மூடுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆணியைச் சுற்றிய நீலக் கறுப்புக் கறைக்கு அதுதான் மருந்து. அந்தக் கறை இல்லையென்றால் சிட்ரிக் அமிலமே போதும்.

இனி, வீடு வாங்கும்போதே டெக்கும் சேர்ந்து வந்தவர்களுக்கு. 2003 முடிவுவரை கனடாவிலும் அமெரிக்காவிலும் டெக் மரத்துக்கு ஏற்றிய மருந்தில் பெரும்பாலும் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் இருந்தன. உங்கள் பச்சை நிற மரம் அந்தக் காலத்ததாக இருக்கலாம் என்றால், பிளீச், ஸ்ட்ரிப்பர், பிரைட்னர் ஒன்றையும் அதில் தொடாதீர்கள். பிளீச் அந்தக் குரோமியத்தைப் புற்றுநோய் வருவிக்கும் வடிவத்துக்கு மாற்றக்கூடும். தேய்த்துத் தூசி கிளப்பவும் வேண்டாம், பலகையை எரிக்கவே வேண்டாம். மெல்லிய சவர்க்காரத் தண்ணீர், மெதுவான பிரஷ், அதோடு நிறுத்துங்கள்.

மற்ற மரத்துக்கு வரிசை சுலபம்: ஸ்ட்ரிப்பர் அல்லது பிளீச் இல்லாத கிளீனர், வழுக்கல் முற்றாகப் போகும்வரை தண்ணீர், பிறகு பிரைட்னர், மறுபடி தண்ணீர். பிறகு இரண்டு நாள் நல்ல வெயில். பலகையில் தெளித்த நீர்த்துளி முத்தாக நிற்காமல் உறிஞ்சப்பட்டால்தான் சீலரைத் திறக்கலாம். காரத்துக்கு ஒரு ஸ்ப்ரேயர், அமிலத்துக்கு வேறொன்று. இருபது டொலர் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

அந்த நீச்சல் குளத்து வாடை வந்துவிட்டால் ஸ்ப்ரேயரைத் தூக்கிக்கொண்டு ஓட நினைக்காதீர்கள். போட்டது போட்டபடி, காற்று வரும் திசைக்கு விலகுங்கள். மூச்சு முட்டினால் 911. மற்றபடி கியூபெக் தவிர்ந்த கனடா முழுவதற்குமான நச்சுத் தகவல் மைய எண் 1-844-764-7669.

போன வருட ஸ்ப்ரேயர் உங்கள் கராஜ் மூலையிலும் கிடக்கும். அடியில் என்ன இருக்கிறதென்று மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டாம். வெளியே கொண்டுபோங்கள், முகத்தைத் தள்ளிப் பிடித்துத் திறந்து, தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள்.