ஒரு மாதிரியும் பல முகங்களும்

கணினித் திரையில் தோன்றும் பொத்தான், கட்டம், பட்டியல் ஆகியவற்றின் தொகுதியைப் பயனர் இடைமுகம் என்பர். இணையவழி விண்ணப்பிப்போர்க்கு அலுவலகத்தின் வாயில் அதுவே. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே நிரல் எழுதினால், விதி ஒன்று மாறுந்தோறும் எல்லாத் திரைகளையும் திருத்த நேரும்.

இவ்விடர் களைய எழுந்ததே மாதிரிவழி வடிவமைப்பு. எச்செய்திகள் வேண்டும், எத்திரைக்குப் பின் எத்திரை வரும், அவை எவ்வாறு தோன்றும் என்னும் மூன்றையும் தனித்தனியே வரையறுத்தால், அவ்வரைவிலிருந்து கருவியே திரைகளை ஆக்கித் தரும். பொருளையும் தோற்றத்தையும் பிரித்து அமைக்கும் முறையை நார்வே அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் 1979இல் வகுத்தார். இணையத்திற்கென வெப்எம்எல் என்னும் குறிமொழியை இத்தாலியின் மிலான் நகர அறிஞர்கள் 2000ஆம் ஆண்டளவில் வெளியிட்டனர்.

இப்பிரிப்பு நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் அரபுத் தமிழில் தமிழை அரபு எழுத்தால் வலமிருந்து இடமாக எழுதினர். தமிழொலிகளுக்கு வேண்டிய குறிகளையும் சேர்த்துக்கொண்டனர். தோற்றம் மாறியது, மொழி மாறவில்லை.

நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியையே நோக்குவோம். புதுவையிலும் காரைக்காலிலும் தமிழ், மாகியில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. குடும்ப அட்டை விண்ணப்பம் ஒன்றை மும்மொழியிலும் தனித்தனியே அமைத்தால், விதி மாறும்பொழுது ஒரு மொழித் திரை பழையதாகவே நின்றுவிடக்கூடும். நெல்லித்தோப்பில் தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டி ஒருவர் பழைய படிவத்தை நிரப்பிவிட்டு அலுவலகத்திற்கு அலைய நேரும். மாதிரி ஒன்றேயாயின், ஒரு திருத்தம் மூன்று முகங்களையும் சென்றடையும். பெயர்க்கப்படாத சொல்லையும் கருவி சுட்டிக்காட்டுமாறு செய்யலாம்.

எனினும், சொற்களைப் பெயர்த்து ஒட்டுவதால் மட்டும் தமிழ்த்திரை அமைந்துவிடாது. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன் ஒரு சொல்லை நிறுத்தினால் போதும், பெயர் மாறுவதில்லை. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு புணர்கிறது. மாகி ‘மாகிக்கு’ என்றும், கடலூர் ‘கடலூருக்கு’ என்றும், விழுப்புரம் ‘விழுப்புரத்துக்கு’ என்றும் ஆகும். ‘க்கு’ என்பதை மட்டும் ஒட்டும் நிரல் ‘விழுப்புரம்க்கு’ என்று காட்டும். அத்துச்சாரியை எங்கு வரும், உகரம் எங்கு வரும் என்னும் விதிகள் மாதிரியிலேயே இடம்பெறல் வேண்டும்.

அவ்விதிகளை அறிந்தோர் தமிழ்த்துறையில் உள்ளனர்; அவற்றை நிரலாக்க வல்லோர் கணினித்துறையில் உள்ளனர். இருதுறை மாணவரும் ஒருங்கே அமர்ந்து பணியாற்றினால், திரையில் தமிழ் மேற்பூச்சாக நில்லாது அடித்தளமாக அமையும். தமிழ் மட்டுமே அறிந்தோர்க்கும் அவ்வாயில் தடையின்றித் திறக்கும்.