மழை விடுமுறையும் மதியச் சோறும்

உடும்பஞ்சோலை மலையில் ஏலக்காய் எடுப்பும் அடைமழையும் ஒரே காலத்தில்தான் வருகின்றன. ஆடி, ஆவணியில் காய் முற்றுகிறது. மண் சரிவதும் அப்போதுதான். விடியுமுன் ஜீப்புகளில் போடி மெட்டும் கம்பம் மெட்டும் ஏறி வரும் தேனி மாவட்டத் தொழிலாளர்களுக்கு, வழியில் ஒரு பாறை உருண்டால் அன்றைய கூலி இல்லை. தோட்டத்து லயங்களிலேயே குடியிருப்போருக்கும் வேலை நின்றால் கதி அதேதான்.

கனமழையென்று கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பள்ளிக்கூடம் பூட்டினால் மதியச் சோறும் பூட்டியாயிற்று என்பதை யாரும் சொல்வதில்லை. தகப்பனுக்குக் கூலி இல்லாத அதே நாளில் பிள்ளைக்கும் சோறு இல்லை.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கி மாவட்டச் சாலைகள் பல இடங்களில் அறுந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லைச் சாவடிகள் அடைபட்டன. அப்போது கேரளத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அங்கன்வாடி உணவு வீடு தேடிப் போயிற்று. மதிய உணவுக்குப் பதிலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசியும் பலசரக்கும் பையாகக் கிடைத்தன. ஆனால் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைக்குத்தானே பை வரும்? 'இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவோம்' என்று பெயர் எழுதாமல் விடுவது நம்மவர் வழக்கம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்குக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் 'அமிர்தம்' சத்துமாவு அங்கன்வாடியில் உண்டு. அதற்கும் பெயர் வேண்டும்.

ரேஷன் கதை வேறு. 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் கேரளம் 2020 ஜனவரியிலும் தமிழ்நாடு அவ்வாண்டு அக்டோபரிலும் சேர்ந்தன. தமிழ்நாட்டு அட்டையில் பி.எச்.எச். அல்லது பி.எச்.ஏ.ஏ. என்றிருந்தால், ஆதாரும் கைரேகையும் பொருந்துகிற பட்சத்தில் நெடுங்கண்டத்துக் கடையிலும் அரிசி வாங்கலாம். என்.பி.எச்.எச். என்றிருந்தால் இங்கே கிடையாது. பருப்பும் எண்ணெயும் யாருக்கும் கிடையாது. அவை தமிழ்நாடு தன் மக்களுக்குத் தன் கடைகளில் தருபவை. இந்த எழுத்து வித்தியாசம் அறியாமல் கடைக்குப் போனால் வெறும் பையோடு திரும்ப வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய இடி விழுவதும் உண்டு. மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைபேசி வேலை செய்யாததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. இத்தகைய பேரிடரில் ஆதரவிழந்து, உறவினர் வீட்டில் வளரும் ஏழைக் குழந்தைகளுக்கு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி கோரலாம். மனுவை மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

குடும்பம் இரண்டாகப் பிரிந்திருப்போருக்கு இன்னொரு செய்தி: மலையில் இருப்பவர் தம் பங்கு அரிசியை இங்கே வாங்கிக்கொண்டு, மிச்சத்தை ஊரில் இருப்பவர் அங்கே அதே அட்டையில் வாங்கிக்கொள்ளலாம்.