இருளிலும் மறையாத வெண்தீவுகள்

தென்முனைக் கண்டமாகிய அந்தாட்டிக்காவின் உட்பகுதிகளில் ஆண்டுதோறும் பல வாரங்கள் சூரியன் எழுவதேயில்லை. எழும் காலத்திலும் அதனைச் சூழ்ந்த கடலின்மேல் முகிற்கூட்டம் விலகுவது அரிது. அந்த இருளுக்கும் முகிலுக்கும் கீழே, மாநகர்களை விடப் பெரிய பனிப்பாறைகள் கரையினின்று பிளவுண்டு நீரோட்டத்தின் வழியே புறப்பட்டுவிடுகின்றன. அவை இன்று எங்கே நிற்கின்றன, எத்திசையிற் செல்கின்றன என்பதை அறிய ஒளிப்படம் எடுக்கும் செய்மதிகள் மட்டும் போதா. இவ்விடத்தில் கைகொடுப்பது ராடர்.

ஏ23ஏ என்னும் பனிப்பாறையின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1986 ஆம் ஆண்டு வெடெல் கடலை அண்டிய பில்க்னர் பனித்தட்டு உடைந்தபோது பிறந்தது அது. உடைந்த பகுதியில் சோவியத் ஒன்றியத்தின் துருஸ்னயா என்னும் கோடைகால ஆய்வு நிலையம் இருந்தது. பனித்தட்டின்மேல் அமைத்த நிலையம் கடலில் மிதந்து செல்லத் தொடங்கியது! மறு ஆண்டு சோவியத் குழுவினர் கப்பலிற் சென்று தம் உபகரணங்களை மீட்க நேர்ந்தது. பனிப்பாறையோ நெடுந்தூரம் போகவில்லை. சுமார் 400 மீற்றர் தடிப்புக் கொண்ட அதன் அடிப்பாகம் கடற்றரையில் தட்டி நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அவ்விடத்தை விட்டு அசையவில்லை. சோவியத் ஒன்றியமே கலைந்து போயிற்று. பனிப்பாறை அங்கேயே நின்றது.

2020 அளவில் அது மெல்ல நகர்வதைச் செய்மதிப் படங்கள் காட்டின. 2023 இன் இறுதியில், ஏறத்தாழ 4000 சதுர கிலோமீற்றர் பரப்புடன், அதாவது பெரிய லண்டன் மாநகரப் பரப்பின் இருமடங்குக்கும் மேலான உருவுடன், வெடெல் கடலை விட்டு வெளியேறியது. நிறை ஏறக்குறைய ஒரு இலட்சம் கோடி தொன். பின்னர் 2024 இல் தென் ஓர்க்னித் தீவுகளுக்கு அண்மையில் நிகழ்ந்தது விந்தையிலும் விந்தை. கடலடி மேடொன்றின்மேல் சுழலும் நீர்த்தூணில் அகப்பட்டு, நாளொன்றுக்குச் சுமார் 15 பாகை வீதம் பல மாதங்களாக நின்ற இடத்திலேயே சுழன்றது. இத்தகைய நீர்த்தூண் உருவாகும் விதத்தை ரெய்லர் என்னும் ஆங்கிலேய இயற்பியலாளர் 1920களிலேயே ஆய்வுகூடத் தொட்டியில் காட்டியிருந்தார். அதே விதி இத்துணை பெரிய பனித்தீவையும் கட்டிவைக்கும் என அன்று எவர்தான் எண்ணியிருப்பார்?

ராடர் இவற்றையெல்லாம் காண்பது எவ்வாறு? சூரிய ஒளியை அது எதிர்பார்ப்பதில்லை. சுமார் 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து செய்மதி தானே நுண்ணலைகளைச் சரிவாகக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளமுள்ள அவ்வலைகளுக்கு முகில் ஒரு தடையே அன்று. அமைதியான கடல் கண்ணாடி போன்று அலைகளை அப்பால் தெறித்துவிடுவதால் படத்தில் கருமையாகத் தோன்றும். பனிப்பாறையின் உறைபனி அலைகளை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரியும். செய்மதி விரைந்து செல்லும் வழியெங்கும் பெற்ற எதிரொலிகளைக் கணினி ஒன்றிணைப்பதால், சில மீற்றர் நீள அலைவாங்கி பல கிலோமீற்றர் நீளமுள்ளதைப் போன்று செயற்பட்டு நுணுக்கமான படத்தைத் தருகிறது. ஆயினும் இம்முறைக்கும் குறைகள் உண்டு. காற்றினாற் கொந்தளிக்கும் கடலும் வெண்மையாகிவிடும். கோடையில் மேற்பனி உருகி ஈரமாகும்போதோ அது அலைகளை விழுங்கிவிட, பனிப்பாறை கருத்துப்போகும். ஆகவே கணினி காட்டுவதை அனுபவம் வாய்ந்த மனிதக் கண்கள் மீண்டும் சரிபார்க்கின்றன.

அமெரிக்கத் தேசிய பனி மையமே இவற்றுக்குப் பெயர் சூட்டுகிறது. அந்தாட்டிக்காவை நான்கு கூறுகளாக்கி, பிறந்த கூற்றின் எழுத்தும் வரிசை எண்ணும் வழங்கப்படும். உடைந்து பிரியும் துண்டுகளுக்கு மேலும் ஓர் எழுத்துச் சேரும். பிறந்த இடத்தின் அடையாளத்தை எத்துணை தொலைவு அலைந்தாலும் பனிப்பாறை சுமந்தே செல்கிறது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். விடை தென் ஜோர்ஜியாத் தீவில் இருக்கிறது. பென்குவின்களும் சீல்களும் இலட்சக்கணக்கில் குஞ்சும் குட்டியும் ஈனும் இடம் அது. 2020 இறுதியில் ஏ68ஏ என்னும் பெரும் பனிப்பாறை அத்தீவை நோக்கி வந்தபோது உலகம் அஞ்சியது. கரையோரத்தில் அது தரைதட்டி நின்றால், தாய்ப்பறவைகள் இரை தேட நெடுந்தூரம் சுற்றிச் செல்ல வேண்டும். அதுவரை குஞ்சுகள் பசியோடு காத்திருக்க இயலாது. நல்வாய்ப்பாக அது நெடுநாள் நிற்கவில்லை; உடைந்து சிதறியது. உயரமளக்கும் ராடர் கொண்ட கிறையோசற்-2 உள்ளிட்ட செய்மதிகளின் அளவீடுகளைச் சேர்த்து, பிரித்தானியாவின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதன் தடிப்பு 235 மீற்றரிலிருந்து 168 மீற்றராகக் குறைந்ததைக் கண்டனர். மூன்று மாதங்களில் 15,200 கோடி தொன் நன்னீர் அத்தீவையண்டிய உவர்க்கடலிற் கலந்தது என 2022 இல் அறிவித்தனர். நன்னீரோடு பாறைத்துகள்களும் ஊட்டச்சத்துகளும் கலப்பதால் கடலின் உணவுச் சங்கிலியே மாறக்கூடும்.

ஏ23ஏயும் அதே வழியில் வந்தது. 2025 மார்ச்சில் தென் ஜோர்ஜியாவுக்குச் சில பத்துக் கிலோமீற்றர் தொலைவில் தரைதட்டி, மே மாதமளவில் விடுபட்டு, செப்டெம்பருக்குள் தன் பரப்பில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது.

கண்காணிக்கும் செய்மதிகளும் அழியாதவை அல்ல. ஐரோப்பாவின் சென்ரினல்-1பி 2021 டிசம்பரில் மின்வழங்கல் பழுதுற்று ஓய்ந்தது. ஒரே இடத்தை ஆறு நாட்களுக்கொருமுறை படம்பிடித்த இரட்டைச் செய்மதிகளில் ஒன்று போகவே, அக்கால இடைவெளி இரட்டிப்பாயிற்று. அதன் இடத்தை நிரப்ப 2024 டிசம்பரில் சென்ரினல்-1சியும், 2025 நவம்பரில் 1டியும் ஏவப்பட்டன. எனினும் பெரும் பனிப்பாறை சிதறும்போது தெறிக்கும் வீடளவான துண்டுகள் பரந்த கடற்பரப்பைக் காட்டும் படங்களில் பெரும்பாலும் தென்படுவதில்லை. தென் ஜோர்ஜியாக் கடலில் மீன்பிடிக்கும் கப்பல்கள் அவற்றுக்காக இரவு முழுவதும் ஒளிவிளக்கை ஏற்றி, மாலுமி ஒருவரை முன்னே காவல் நிறுத்தியே செல்கின்றன.